தேவகலா குழந்தை இரண்டு

காசிமேட்டில் பதினாறு வருடமாக
எடை போடுகிறவன் நான்.
வஞ்சிரத்தை வாலைப் பிடித்துத் தூக்கினால் போதும்,
தராசு அப்புறம் வந்து ஆமாம் போடும்.
ஐம்பது கிராம் தப்பினால்
அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

ராயபுரம் ஆஸ்பத்திரியில்
முதல் தடவை உள்ளே விட்டபோது
கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
ஆயிரத்து நூற்று இருபது.
தொள்ளாயிரத்து எண்பது.
பெயர் எழுதும் இடத்தில்
தேவகலா குழந்தை ஒன்று,
தேவகலா குழந்தை இரண்டு.
எனக்குத் தெரிந்த தொள்ளாயிரத்து எண்பதெல்லாம்
ஐஸில் கிடந்தவை.
இதை யாரிடம் சொல்ல.

நாற்பத்தாறு நாள்.
மூன்று மணிக்கொரு தரம் பிழிந்து
சீட்டு ஒட்டிய கிண்ணத்தில் கொடுத்தாள்,
ஒருநாள் ஐந்து மில்லி, ஒருநாள் அதுவும் இல்லை.
இல்லாத நாளில் படிக்கட்டில் உட்கார்ந்து
"இன்னா மாரு இது" என்று அழுதாள்.
இரண்டு டீ வாங்கப் போய்
இரண்டையும் நானே குடித்துவிட்டு வந்தேன்.

இருபது கிராம் ஏறினால் சிஸ்டர் ஜெபமலர்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டைவிரல் காட்டுவாள்.
பத்து கிராம் இறங்கினால்
ஏலத்தில் என் குரல் இறங்கும்.
"இன்னாப்பா, கணக்கு தப்புது" என்றார் இறால் வியாபாரி.
தப்பியதுதான்.

இன்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. ஆயிரத்து அறுநூற்றுப் பத்து.
ஒரு பாலாடை, ஒரு சொட்டு மருந்து.
"நெஞ்சோட நெஞ்சா வச்சுக்கங்க, சட்டை வேணாம்,
இனிமே உங்க தோலுதான் பெட்டி" என்றாள் ஜெபமலர்.
வாசலில் காவலாள் காசு கேட்கவில்லை.
அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

நூருல்லா பாய் ஆட்டோவில் பாட்டை அணைத்தார்.
ஒவ்வொரு வேகத்தடையிலும் மன்னிப்புக் கேட்டார்,
எங்களிடம் இல்லை.
கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்தது, வழக்கம்போல.
டேங்கர் டேங்கராக ஒரு கூட்ஸ்.
மணலிப் பக்கத்திலிருந்து அந்த வாடை,
பிறந்ததிலிருந்து என் மூக்குக்குத் தெரியாத வாடை,
இன்று தெரிந்தது.
முந்தானையை இழுத்து மூடினாள்.
பின்னால் ஆரன் அடித்தவனிடம் பாய் இறங்கிப்போய்
என்னவோ சொன்னார்.
அவன் என்ஜினை நிறுத்தினான்.
பக்கத்தில் இருந்தவனும்.
ஆட்டோவைச் சுற்றி ஒரு முழம் அமைதி.
சின்னதின் மூக்கருகே நான் விரல் கொண்டுபோனதை
அவள் பார்த்துவிட்டாள்.
"வருது வருது," என்றாள்,
"நானும் இப்பதான் பாத்தேன்."

எழில் நகர், மூன்றாவது மாடி.
ஆரத்தியோடு நின்ற கீழ்வீட்டுப் பத்மாவதி
புகை ஆகாது என்றதும்
கற்பூரத்தை உள்ளங்கையால் அமுக்கினாள்.

அங்கே மூச்சுவிட மறந்தால் மெஷின் கத்தும்.
இங்கே யார் கத்துவது?
விளக்கை அணைக்காமல் எண்ணினேன்.
முப்பத்தொன்பது, நாற்பது,
அப்புறம் ஒரு இடைவெளி,
அதில் நான் மட்டும் இருந்தேன்,
அப்புறம் நாற்பத்தொன்று.
இரண்டு மணிக்குக் கீழே யார்டில்
டிரெய்லர் ஒன்று பின்வாங்கியது.
பீப். பீப். பீப்.
இருவரும் எழுந்து ஒருவரோடொருவர் மோதி
இல்லாத சிஸ்டரைத் தேடினோம்.
அதுகளோ,
சாயங்காலம் முதல் நெளிந்துகொண்டிருந்த இரண்டும்,
நெற்றிச் சுருக்கம் தளர்ந்து
அப்போதுதான் நன்றாகத் தூங்கின.
தேவகலாவுக்குச் சிரிப்பு.
வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.

சட்டையைக் கழற்றினேன்.
சின்னதை என் நெஞ்சில் கிடத்தி
"இன்னா வெயிட்டு, சொல்லு பாப்போம்" என்றாள்.
யோசித்தேன்.
"தெரியல."
பொய் என்று நினைத்திருப்பாள்.
இரண்டே முக்கால்.
பாலாடையைக் கொதிக்கவைக்க வேண்டும்,
எழுந்திருக்க மனசில்லை.